கூட்டாமல் விட்ட காடு

மரக்காணம் உப்பளத்தில் எது மேரிசெல்வியின் பாத்தி என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடல் காற்று எந்நேரமும் எதையாவது கொண்டுவந்து போடும் இடம் அது. சவுக்குச் சருகு, பனை நார், கிழிந்த பாலித்தீன் கவர் என்று எல்லாப் பாத்தியிலும் ஏதோ ஒன்று மிதக்கும். அவள் பாத்தியில் மட்டும் ஒன்றும் இருக்காது. காலையில் வந்ததும் வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் உப்பு இழுக்கும் பலகையைக் கையில் எடுப்பாள். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் மேஸ்திரி, "செல்வி பாத்தியைப் போய்ப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்குது" என்பார். அதைக் கேட்டு அவள் கூச்சப்பட்டுத் தலையைக் குனிகிற ஆள் இல்லை. "இருக்கத்தான் செய்யும்" என்பாள்.

அவள் வீட்டுக்காரன் அந்தோணிசாமி அதே உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். அவனுக்கு அப்பா வழியில் வந்த துண்டு நிலம் ஒன்று, பெருமுக்கல் போகிற வழியில், ரோட்டை ஒட்டி இருந்தது. செம்மண். பக்கத்து நிலம் அவன் அண்ணன் சாலமனுடையது. அண்ணன் தம்பி இரண்டு பேருமே பல வருஷமாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் போட்டு வந்தார்கள். டிராக்டர் விட்டு உழுவது, விதைப்பது, விளைந்ததும் செடியை வேரோடு பிடுங்குவது, கொடியை மாட்டுக்குப் போட்டுவிடுவது. நிலத்தில் ஒரு தழை மிஞ்சாது. மறுபடி உழவு. அந்த மண் வெயில் காலத்தில் செங்கல் மாதிரி இறுகும். மழை விழுந்தால் சாயம் மாதிரி கரைந்து ரோட்டுக்கு ஓடும். போர்வெல்லில் வந்த தண்ணீரும் வருஷத்துக்கு வருஷம் உப்புக் கரிக்க ஆரம்பித்தது. கடைசி இரண்டு விளைச்சலில் காய் பாதிக்கு மேல் பொக்கு.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் மேரிசெல்வி பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு நர்சரிக்குப் போவாள். கவரில் மண் நிரப்புவது, விதை ஊன்றுவது, கன்றுக்குத் தண்ணீர் விடுவது. நர்சரிக்குப் பின்னால் ஒரு காடு இருந்தது. ஒரு காலத்தில் புல் பூண்டு இல்லாமல், மழை அறுத்த பள்ளமும் மேடுமாகக் கிடந்த இடமாம். அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னபோது அவள் நம்பவில்லை. ஒரு நாள் மதியம், சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுக் காட்டுக்குள் போய் உட்கார்ந்தவள், சும்மா விரலால் தரையைக் கிண்டினாள். விரல் உள்ளே போய்விட்டது. கறுப்பாக, குளிர்ச்சியாக, பொலபொலவென்று இருந்தது மண். அப்படி ஒரு மண்ணை அவள் நிலத்தில் கடப்பாரையால் தோண்டினாலும் பார்க்க முடியாது.

"இதுக்கு இன்னா உரம் போடறீங்க?" என்று நர்சரிக்காரரிடம் கேட்டாள்.

"நாங்க ஒண்ணும் போடறதில்லம்மா. மரந்தான் போட்டுக்குது."

அந்தப் பதில் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வரைக்கும் அவள் மண்டையைக் குடைந்துகொண்டே வந்தது. அன்றைக்குச் சோறு போடும்போதே புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

"நம்ம நிலத்துல இனிமே மல்லாட்டை வேணாம். காடு வச்சிடலாம்."

அந்தோணிசாமி சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தான். "காடா? அப்புறம் சோத்துக்கு?"

"மல்லாட்டை எப்போங்க நமக்குச் சோறு போட்டுச்சு? டிராக்டர்காரனுக்கும் விதைக் கடைக்காரனுக்கும் போட்டுச்சு. நம்ம சோறு உப்புல வருது."

அவன் மறுபடி சோற்றைப் பிசைந்தான். "சரி. ஆனா அண்ணங்கிட்ட நீயே சொல்லு."

சாலமனிடம் அவளே போய்ச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

"மரம் வைக்கணும்னா சவுக்கு வையேன், யார் வேணான்னது? அஞ்சு வருஷத்துல வெட்டிடலாம்."

"வெட்டிட்டு, மாமா?"

"வேரைப் பெயர்த்துட்டு உழுது மறுபடி வைக்கறது."

"அந்த உழவுதான் வேணாங்கிறேன் மாமா. அந்த மண்ணு கொஞ்ச நாள் சும்மா கெடக்கட்டும்."

"நிலத்தைச் சும்மா போடறவளை இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வருஷமே தன் நிலத்தில் அவர் சவுக்கு வைத்தார்.

ஐப்பசி மழையில் மேரிசெல்வி நட ஆரம்பித்தாள். நர்சரியில் விற்காமல் மீந்த கன்றுகளைக் கேட்டு வாங்கி வந்தாள். வேம்பு, புங்கன், நாவல், மகிழம், அதோடு இந்தக் கடற்கரைப் பக்கத்துக்கே சொந்தமான காசான், வீரை. அந்தோணிசாமி குழி வெட்டினான், அவள் நட்டாள். முதல் கோடையில் பாதிக் கன்று காய்ந்தது. போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டதால் தெருக் குழாயில் கேன் கேனாகப் பிடித்து மொபெட்டில் கட்டிக்கொண்டுபோய் ஊற்றினார்கள். ஆடு தலையை நீட்டும் இடங்களிலெல்லாம் முள் வெட்டிப் போட்டார்கள். செத்த இடத்தில் அடுத்த மழைக்கு மறுபடி நட்டார்கள். உப்பளத்தில் நாள் முழுக்க நின்ற காலோடு அவள் அங்கே போய் நிற்பதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் பரிதாபப்பட்டார்கள். அவளுக்கு அந்தப் பரிதாபம் பிடிக்கவில்லை. "இன்னும் நாலு வருஷம் பொறுத்து வாங்க, நெழல்ல உக்கார வச்சு டீ போட்டுத் தர்றேன்" என்றாள். சொன்ன மாதிரியே போட்டும் கொடுத்தாள்.

நட்ட வருஷமே பிரியங்கா என்ற பெண் அங்கே வந்தாள். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். பயிர் வைத்த நிலத்தைக் காடாக்கினால் மண்ணில் இருக்கிற மக்குச் சத்து எப்படி மாறுகிறது என்று பல இடங்களில் மண் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்சரியில் மேரிசெல்வியின் நிலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடி வந்தவள், இரும்புக் குழாயைத் தரையில் அடித்து இறக்கி மண்ணை உருவி எடுத்தாள். மேல் மண் தனிக் கவரில், அடி மண் தனிக் கவரில் போயிற்று.

"இது எதுக்கு பாப்பா?"

"இப்ப இருக்கிறது இவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான், பின்னாடி எவ்வளவு ஏறுச்சுன்னு பாக்க முடியும், அக்கா."

"அப்ப பரீட்சைன்னு சொல்லு."

அன்றிலிருந்து மேரிசெல்விக்கு அது பரீட்சைதான். மரங்கள் ஆள் உயரம் தாண்டி, கிளையும் கிளையும் தொட்டுக்கொள்ள ஆரம்பித்த பிறகு பிரியங்கா அனுப்பிய ஆட்கள் மறுபடி வந்து மண் எடுத்துப் போனார்கள். மேரிசெல்வி உப்பளம் முழுக்கச் சொல்லி வைத்தாள். "எங்க மண்ணுக்கு மார்க் வருது." பெண்கள் சிரித்தார்கள். சாலமன் காதுக்கும் அது போனது.

மார்க் வந்தது. பிரியங்கா போனில் சொல்லாமல் நேரிலேயே வந்தாள். நிலத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய விதத்திலேயே மேரிசெல்விக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"ஏறலையா?"

"ஏறலக்கா. மேல் மண்ணுல முன்னாடி இருந்ததைவிடக் கொஞ்சம் கம்மியாக்கூட இருக்குது."

மேரிசெல்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். வெயில் என்பாள். இத்தனை வருஷம் கேன் கேனாகச் சுமந்து ஊற்றிய தண்ணீர், முள் குத்திய கை, புருஷன் வெட்டிய குழிகள், எல்லாம் சேர்ந்து ஒரு தேர்வில் தோற்றுப்போய் நின்றது போல இருந்தது அவளுக்கு. அந்த நேரம் பார்த்து சாலமன் வரப்பில் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது.

பிரியங்கா உடனே கிளம்பவில்லை. "உள்ள ஒரு சுத்து சுத்திப் பாக்கலாமா அக்கா? மத்த இடத்துல கொஞ்சமாவது ஏறியிருக்குது. இங்க மட்டும் ஏன்னு எனக்கே புரியல" என்றாள்.

இரண்டு பேரும் உள்ளே நடந்தார்கள். மரங்கள் நன்றாகத்தான் இருந்தன. நிழலும் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் பிரியங்கா நின்று தன் காலடியைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்தாள். தரை, கோலம் போடத் தெளித்துப் பெருக்கிய வாசல் மாதிரி இருந்தது. துடைப்பத்தின் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன.

"அக்கா, இலையெல்லாம் எங்க?"

"எந்த இலை?"

"மரத்துலேருந்து விழுற இலை."

மேரிசெல்விக்கு அந்தச் சோகத்திலும் கொஞ்சம் பெருமை வந்தது. "அதெல்லாம் விட்டு வைப்பனா? வாரா வாரம் ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் நேரா இங்கதான் வருவேன். ஒரு சருகு இருக்காது. எல்லாத்தையும் கூட்டி அந்த மூலையில கொளுத்திடுவேன்."

பிரியங்கா அவள் காட்டிய மூலையைப் பார்த்தாள். சாம்பல் குவியல் ஒன்று மழையில் நனைந்து கிடந்தது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நான் சொல்றதைக் கேட்டுக் கோவிச்சுக்காதீங்க. வருஷக்கணக்கா உழுத நிலத்துல மக்கு ஏற்கெனவே தேஞ்சு போயிருக்கும். குழி வெட்டறப்போ மண்ணைப் பெரட்டறோம்ல, அதுல இருக்கிறதும் கொஞ்சம் போயிடும். அதனால முதல் சில வருஷம் எங்கேயும் பெரிசா ஏறாது. சில எடத்துல எறங்கும். அது மரத்தோட தப்பு இல்ல. ஆனா அதுக்கப்புறம் மண்ணுக்குச் சாப்பாடே இந்த இலைதான். மேலேருந்து இலை, கீழேருந்து செத்த வேரு. நீங்க மேல வர்ற சாப்பாட்டை வாரா வாரம் எடுத்துக் கொளுத்திட்டீங்க. வேரு மட்டும்தான் இத்தனை நாளா இந்த மண்ணைத் தாங்கிட்டு இருந்திருக்குது."

மேரிசெல்வி தன் கையைப் பார்த்தாள். உப்பளத்தில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அதே கை. ஒரு தூசி இல்லாத தரைதான் நல்ல தரை என்று இருபது வயசிலிருந்து அவள் கண் பழகியிருந்தது. பாத்தியில் அது சரி. அங்கே விளைவது உப்பு.

"பொம்மையார்பாளையத்துல நான் கிண்டிப் பாத்தேனே, அந்த மண்ணுக்கு மேல இலை இருந்துச்சு. தள்ளிட்டுத்தான் கிண்டினேன்" என்றாள் மெதுவாக. பிறகு திடீரென்று சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷத்துல ஒருத்தி, ஒரே ஒருத்தி, ஏன்டி இவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்னு கேக்கல பாரு பாப்பா. எல்லாரும் மெச்சிட்டுத்தான் போனாளுங்க."

"இனிமே விட்டுட்டா ஏறிடுமா?" என்று அடுத்து கேட்டாள்.

"ஏறும்னு நெனைக்கிறேன். எவ்வளவு, எப்போன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுக்கா. மெதுவாத்தான் ஏறும்."

"மெதுவா ஏறட்டும். எறங்காம இருந்தா சரி."

கூட்டாமல் இருப்பது, நட்டுத் தண்ணீர் ஊற்றியதைவிடக் கஷ்டமாக இருந்தது அவளுக்கு. நிழலில் உட்கார்ந்திருக்கும்போது முன்னால் ஒரு நாவல் இலை விழும். கை தானாக நீளும். அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். வழியே போகிற பெண்கள், "இன்னாடி செல்வி, உடம்புக்கு முடியலையா? காடு குப்பையா கெடக்குது" என்று விசாரித்தார்கள். "அது குப்பை இல்ல, சாப்பாடு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்தது. அந்தோணிசாமிக்குத் தீயைப் பற்றித்தான் பயம். ரோட்டில் போகிற எவனாவது பீடியை வீசினால் என்ன ஆவது? அதுவும் நியாயம்தான். அதனால் ரோட்டோரமாகவும் வரப்போரமாகவும் அகலமாக ஒரு பட்டை விட்டு, அங்கே மட்டும் தினமும் துடைப்பத்துக்கு வேலை கொடுத்தாள். அங்கே கூட்டிய சருகைக் கொளுத்தாமல் உள்ளே கொண்டுபோய்க் கொட்டினாள்.

முதல் வருஷம் நடந்தால் நொறுங்கும் சத்தம்தான். அடுத்த மழையில் சருகுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி பூஞ்சை ஓடியது. கறையான் வந்தது. மரவட்டை கூட்டம் கூட்டமாக ஊர்ந்தது. மண்புழு கக்கிய மண் சின்னச் சின்னக் குவியலாகத் தெரிந்தபோது, அவள் உப்பளத்தில் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பாத்திக்காரியிடம் அதை ஒரு கல்யாணச் செய்தி மாதிரி சொன்னாள். பழைய செங்கல் மண் எங்கே போனது என்று தெரியவில்லை. சருகை விலக்கினால் கறுத்த ஒரு படலம். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நின்றது.

இப்படி வருஷங்கள் போயின. ஒரு கார்த்திகையில் புயல் வந்தது.

மரக்காணத்துக்காரர்களுக்குப் புயல் புதிதில்லை. ஆனால் அந்த மழை வேறு மாதிரி. நிற்காமல் கொட்டியது. உப்பளம் எது, கழுவெளி ஏரி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராக ஆனது. கீற்று போட்டு மூடி வைத்திருந்த உப்புக் குவியல்கள் கரைந்து போயின. மழை விட்ட காலையில் மேரிசெல்வியும் அந்தோணிசாமியும் முழங்கால் தண்ணீரில் நடந்து நிலத்தைப் பார்க்கப் போனார்கள்.

சாலமன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். அந்த வருஷம்தான் அவர் இரண்டாம் தடவையாகச் சவுக்கை வெட்டி, வேரைப் பெயர்த்து, உழுது, மல்லாட்டை விதைத்திருந்தார். நிலத்தின் நடுவே ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம் அறுத்துப் போட்டிருந்தது மழை. விதையும் இல்லை, மேல் மண்ணும் இல்லை. ரத்தம் மாதிரி சிவந்த தண்ணீர் இன்னும் ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் மேரிசெல்வியின் காட்டில் நாலைந்து மரம் சாய்ந்திருந்தது. ஒரு பெரிய நாவல் வேரோடு விழுந்திருந்தது. அவள் போய் அதன் வேரைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் சாலமன் பார்த்துக்கொண்டிருந்தது மரத்தை இல்லை. காட்டுக்குள்ளிருந்து வரப்பு மடை வழியாகத் தண்ணீர் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. லேசான டீத்தண்ணி நிறம். அடியில் கிடந்த கல் தெரிந்தது. அவர் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார். கையில் ஒரு மண் துகள் இல்லை.

"உன் மண்ணு எங்கேயும் போவல, செல்வி" என்றார்.

அவள் பதில் சொல்ல நினைத்தாள். சொல்ல எத்தனையோ இருந்தது. ஆனால் அவர் நிலத்தைத் திரும்பிப் பார்த்தாள். "வாங்க மாமா, முதல்ல உங்க பள்ளத்துக்கு அணை போடலாம்" என்றாள். சாய்ந்த நாவலின் கிளைகளை வெட்டி அந்தப் பள்ளத்துக்குக் குறுக்கே போட்டு மூன்று பேரும் சேர்ந்து மண்ணை மறித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சாலமன் ஆட்களை அழைத்துவர ஆரம்பித்தார். திண்டிவனத்திலிருந்து வந்த சம்பந்திக்காரர், கோட்டக்குப்பத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு மரக்கடைக்காரர், பஞ்சாயத்து ஆட்கள். எல்லாரையும் சருகுக்குள் கையை விடச் சொன்னார். "இதைக் கூட்டக்கூடாது, தெரியுமில்ல? இதுதான் மண்ணுக்குச் சாப்பாடு" என்று தான் கண்டுபிடித்த மாதிரி விளக்கினார். மேரிசெல்வி அதைத் தூரத்திலிருந்து கேட்டுச் சிரித்துக்கொள்வாள்.

அடுத்த கோடையில் பிரியங்கா மறுபடி மண் எடுத்தாள்; ஒப்பிட்டுப் பார்க்கச் சாலமன் நிலத்திலும் எடுத்தாள். இதற்குள் அவள் படித்து முடித்து அதே கல்லூரியில் பாடம் நடத்துகிறவளாக ஆகியிருந்தாள். இந்தத் தடவை சேதி போனில் வந்தது. மேரிசெல்வி பாத்தியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, மேல் மண்ணுல பழசைப்போல ரெண்டு மடங்குக்குக் கிட்ட வந்திடுச்சு! உங்க மூத்தார் நிலத்துல எடுத்ததோட வச்சுப் பாத்தா இன்னும் அதிகம்."

மேரிசெல்வி பலகையைக் கீழே போட்டாள். "அடி மண்ணு?"

"அது இன்னும் அவ்வளவா மாறலக்கா. ஒரு ஜாணுக்குக் கீழ பழைய மாதிரிதான் இருக்குது. பொம்மையார்பாளையத்துக் காட்டை எட்டணும்னா இன்னும் ரொம்ப வருஷம் ஆவும்."

"அதுக்கென்ன, மரம் எங்க போவப்போவுது? அங்கேயேதான நிக்கும்" என்றவள், போனைக் கையால் மூடிக்கொண்டு வரிசையாக இருந்த பாத்திகளைப் பார்த்துக் கத்தினாள். "பாஸ்! எங்க மண்ணு பாஸ் ஆயிடுச்சு!" உப்பு இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் பலகையைத் தூக்கிக் காட்டினார்கள்.

அந்த மாதக் கடைசியில் பிரியங்கா கல்லூரிப் பிள்ளைகளையும் சுற்று வட்டாரத்து விவசாயிகளையும் காட்டுக்கு அழைத்து வந்தாள். மேரிசெல்வி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். யாரும் கேட்பதற்கு முன்பே, தான் கூட்டிக் கொளுத்திய கதையையும் அவளே சொன்னாள், எல்லாரும் சிரிக்கிற மாதிரி. ஒருவர், "எங்க நிலத்துல மல்லாட்டையை விட்டா எங்களுக்கு வேற வழி இல்லையேம்மா" என்றார். "முழுசா காடு வைக்கச் சொல்லலைங்க. உங்க வயத்தைப் பாத்துட்டு ஓரத்துல வையுங்க. கொடியை எல்லாம் மாட்டுக்கே போட்டுடாம கொஞ்சத்தை மண்ணுக்கும் விடுங்க" என்றாள்.

எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் பிரியங்கா, "அக்கா, நாங்க போடற மேப்புல ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பேர் வைக்கிறோம். இதுக்கு இன்னா பேர் போடட்டும்?" என்று கேட்டாள்.

சாலமன் முந்திக்கொண்டார். "எங்க அப்பா பேரைப் போட்டுடும்மா. அவர் வாங்கின நிலம்."

அந்தோணிசாமி தலையாட்டப் போனான். அதற்குள் மேரிசெல்வி முன்னால் வந்துவிட்டாள்.

"மாமா, நிலம் உங்கப்பா வாங்கினதுதான். பட்டா இவரு பேர்ல இருக்குது. அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இந்தக் காட்டை நட்டது நான். கெடுத்ததும் நான், திருப்பிச் சரி பண்ணதும் நான்." பிரியங்காவின் பக்கம் திரும்பினாள். "மேரிசெல்வி காடுன்னு போடு பாப்பா. 'மேரி'யும் 'செல்வி'யும் சேத்து ஒண்ணா எழுது, பிரிச்சு எழுதிடாத."

சாலமன் தம்பியைப் பார்த்தார். அந்தோணிசாமி பொண்டாட்டியைப் பார்த்தான், பிறகு அண்ணனைப் பார்த்துச் சிரித்தான்.

"அப்படியே போடுங்கம்மா" என்றான் பிரியங்காவிடம். "நான் குழி வெட்டின ஆளு மட்டுந்தான்."

பிரியங்கா எழுதினாள். மேரிசெல்வி பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரி பார்த்தாள்.